இரண்டு மில்லிமீட்டர்: இம்ப்ளாண்ட் வைப்பதில் கையும் கணினியும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு தமிழில் இருக்க வேண்டும், மருத்துவம் படிக்காதவருக்கும் விளங்க வேண்டும் என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அதனால் வகுப்பில் பேசுவதுபோலப் பேசப்போவதில்லை. பின்வரிசையில் இருக்கும் முதுகலை மாணவர்கள் சில இடங்களில் "இது நமக்குத் தெரிந்ததுதானே" என்று நினைக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கான சங்கதி பின்னால் வருகிறது.

பல் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் சில ஆண்டுகளாக மாறியிருக்கின்றன. முன்பெல்லாம் "வலிக்குமா, எவ்வளவு ஆகும்" என்பதோடு முடிந்துவிடும். இப்போது கூடவே ஒன்று வருகிறது: "டாக்டர், கையால வைப்பீங்களா, கம்ப்யூட்டர்லயா?" விளம்பரங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பினால்தான் தப்பு. இன்றைய பொருளாக இதையே எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

இம்ப்ளாண்ட் என்பது ஒரு டைட்டானியம் திருகு. பரவலாக வைக்கப்படுபவை ஏறத்தாழ 4 மி.மீ. பருமனும் 10 மி.மீ. நீளமும் இருக்கும். விழுந்துபோன பல்லின் வேர் இருந்த இடத்தில், தாடை எலும்புக்குள் இதை இறக்குகிறோம். சில மாதங்களில் எலும்பு இதை இறுகப் பற்றிக்கொள்கிறது. அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டு, அதற்கு மேல் கேப். வைத்துக்கொண்டவர் கண்ணாடியில் பார்ப்பது கேப்பை. எங்கள் கவலையெல்லாம் உள்ளே இருக்கும் திருகைப் பற்றி.

எலும்பும் டைட்டானியமும் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கண்டவர் பல் மருத்துவர் அல்லர். ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1952இல் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தி, மஜ்ஜையில் ரத்தம் ஓடும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து கூட்டைக் கழற்றப்போனால் வரவில்லை, எலும்பு பிடித்துக்கொண்டது. அந்தத் தொல்லையிலிருந்து அவர் பிடித்த நூல்தான் இன்றைய இம்ப்ளாண்ட். 1965இல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக வைத்தார். 2006இல் லார்சன் இறக்கும்வரை அவை அவர் வாயில் இருந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல்!

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1965இல் சிடி ஸ்கேன் என்ற ஒன்றே கிடையாது. கை, கண், சாதாரண எக்ஸ்ரே, அவ்வளவுதான். ஆகவே ஒரு திருகு எலும்பில் நிலைத்து நிற்பது வேறு, அது போட்ட திட்டப்படி இம்மி பிசகாமல் உட்காருவது வேறு. கணினி உதவியோடு வைத்தவையும் கையால் வைத்தவையும் எலும்பில் தங்கும் விகிதத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன என்றுதான் இதுவரை வந்த ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. "கம்ப்யூட்டர் முறை, ஆயுள் இரட்டிப்பு" என்று எங்காவது போர்டு பார்த்தால் கடந்து போய்விடுங்கள்.

அப்படியானால் துல்லியம் எதற்கு? அக்கம்பக்கத்துக்காக.

கீழ்த்தாடை எலும்புக்குள், கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குக் கீழே, ஒரு குழாய் ஓடுகிறது. அதற்குள் ஒரு நரம்பும் ரத்தக்குழாய்களும் போகின்றன. அந்த நரம்பின் கிளை சிறு கடைவாய்ப் பற்களின் அருகே ஒரு துளை வழியாக வெளியே வந்து கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு கொடுக்கிறது. ட்ரில் அதை நசுக்கினாலோ கிழித்தாலோ உதடு மரத்துப்போகும். சிலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். சிலருக்கு ஆகாது. உதட்டு ஓரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பது தெரியாது, காபி வழிவது தெரியாது, எதிரே இருப்பவர் சைகை காட்டித் துடைக்கச் சொல்ல வேண்டும். மருத்துவர் தன் குறிப்பேட்டில் "உணர்வுக் குறைவு" என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். நோயாளிதான் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் அதோடு உட்கார வேண்டும்.

நாக்குப் பக்கம் இன்னொரு ஆபத்து. கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்பு உள்பக்கமாகக் குழிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் அகலமாகத் தெரியும், கீழே போகப்போகக் குறுகும். ட்ரில் அந்தச் சுவரைத் துளைத்து ரத்தக்குழாயைக் கிழித்தால், நாக்குக்கு அடியில் ரத்தம் கட்டி மூச்சுப்பாதையையே அடைக்கும் அளவுக்கு வீங்கலாம். அரிதாக நடப்பதுதான், நடந்தால் உயிர்ப் பிரச்சினை. மேல்தாடையில் ட்ரில் புகுந்துவிடக் கூடாத சைனஸ் அறை இருக்கிறது. முன்பல் என்றால் ஆபத்து குறைவு, அழகு முக்கியம்: திருகு உதட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டால் மெல்லிய எலும்பு கரைந்து, ஈறு ஏறி, கேப் பக்கத்துப் பல்லைவிட நீளமாகத் தெரியும்.

இடநெருக்கடிக்கு ஒரு சின்னக் கணக்கு. திருகுக்கும் பக்கத்துப் பல்லின் வேருக்கும் நடுவில் 1.5 மி.மீ. எலும்பாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இரண்டு திருகுகள் என்றால் நடுவில் 3 மி.மீ. வேண்டும். ஒரு சிறு கடைவாய்ப் பல் போன இடத்தில் 7 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருகு 4, இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை. ஏழும் தீர்ந்துவிட்டது. தவறுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

சாய்வு இதைவிடக் குறும்பானது. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி மேலே ஒரு சாண் சாய்ந்து நின்றால் அடியில் குழாய் எங்கே போகும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 10 மி.மீ. நீளமுள்ள திருகு 3.5 டிகிரி சாய்ந்தால் அதன் நுனி 0.6 மி.மீ. விலகும். 7 டிகிரி சாய்ந்தால் 1.2 மி.மீ. விலகும். மேலே துளை சரியான இடத்தில் தொடங்கியிருந்தாலும் இவ்வளவு. தொடங்கிய இடமும் தப்பினால் அதுவும் சேரும்.

கையால் வைப்பது என்றால் குத்துமதிப்பாக வைப்பது என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் 2 மி.மீ. பருமனுள்ள ட்ரில்லால் ஒரு மெல்லிய துளை. அதில் ஒரு முளையைச் செருகி, சின்ன எக்ஸ்ரே ஒன்று. முளை எங்கே பார்க்கிறது, நரம்புக்கு எவ்வளவு தூரம், பக்கத்து வேரை நெருங்குகிறதா என்று பார்த்து, திசையைத் திருத்திக்கொண்டு அடுத்த ட்ரில். போகப்போக எலும்பின் கடினம் விரலில் தெரியும்: மேல்தோடு கெட்டி, உள்ளே பஞ்சு, சுவரை நெருங்கும்போது மறுபடி கெட்டி. அனுபவசாலி இதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வார். தட்டையான எக்ஸ்ரேயை நம்பித்தான் கைவேலைத் தலைமுறை வேலை கற்றது. தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் உருவம் 20 முதல் 30 விழுக்காடு வரை பெரிதாக விழும், எலும்பின் அகலம் தெரியவே தெரியாது. அதை வைத்துக்கொண்டு இவ்வளவு பேருக்கு நல்லபடியாக வைத்திருக்கிறார்கள் என்பதே பெரிய காரியம்.

1990களின் இறுதியில் சிபிசிடி என்ற கூம்புக்கதிர் ஸ்கேன் வந்தது. இத்தாலியின் வெரோனாவில் செய்த நியூடாம் இயந்திரம் அதன் முன்னோடிகளில் ஒன்று. தாடையை முப்பரிமாணத்தில், ஓரளவு குறைந்த கதிர்வீச்சில், பல் மருத்துவமனையிலேயே படம் எடுக்க முடிந்தது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் மெட்டீரியலைஸ் நிறுவனம் 3டி பிரிண்டிங்கைக் கையில் வைத்திருந்தது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் பிறந்ததுதான் நாங்கள் கைடு என்று சொல்லும் பொருள்.

கைடை நான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையில் ஒரு சுற்று வரட்டும். பளிச்சென்ற ரெசின் தகடு. அடிப்பக்கம் ஒரு நோயாளியின் பற்களின் அச்சு. வேறு யார் வாயிலும் உட்காராது. பல் இல்லாத இடத்தில் ஒரு உலோக வளையம் பதித்திருக்கிறது. அதன் வழியாகத்தான் ட்ரில் இறங்கும். பக்கவாட்டில் சதுரமாக ஒன்றிரண்டு ஜன்னல்கள் வெட்டியிருப்பதைப் பாருங்கள். அவை அலங்காரத்துக்கு இல்லை. கைடு வாய்க்குள் போனதும் அந்த ஜன்னல் வழியே பார்த்தால், ரெசின் பல்லின் மேல் படிந்திருக்க வேண்டும். தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் கைடு உட்காரவில்லை என்று பொருள். அப்போது ட்ரில்லைக் கீழே வைத்துவிட வேண்டும்.

இது உருவாகும் வழி இப்படி. தாடையின் ஸ்கேன் ஒரு கோப்பு. வாய்க்குள் கேமரா விட்டு எடுத்த பற்களின் உருவம் இன்னொரு கோப்பு. மென்பொருளில் இரண்டையும் பற்களை அடையாளமாக வைத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகிறோம். வரவேண்டிய கேப்பைத் திரையில் முதலில் வரைந்துகொண்டு, அதற்குத் தோதாகத் திருகை எலும்புக்குள் வைக்கிறோம். இது ஒரு பெரிய மாற்றம். முன்பு எலும்பு எங்கே இருக்கிறதோ அங்கே திருகு, பிறகு கேப் செய்கிறவர் பாடு. இப்போது கேப் எங்கே வேண்டும் என்பதிலிருந்து கீழ்நோக்கிக் கணக்குப் போடுகிறோம். திட்டம் முடிந்ததும் கைடு அச்சாகி வருகிறது.

இனி மாணவர்கள் காத்திருந்த எண்கள்.

கைடு வழியாக வைத்த இம்ப்ளாண்ட்டுகள் திட்டத்திலிருந்து எவ்வளவு விலகின என்பதை அலி தஹ்மசெப் குழுவினர் 2018இல் தொகுத்தார்கள். 471 பேருக்கு வைத்த 2,238 இம்ப்ளாண்ட்டுகள். சராசரி விலகல் துளை தொடங்கும் இடத்தில் 1.2 மி.மீ., நுனியில் 1.4 மி.மீ., சாய்வில் 3.5 டிகிரி. கையால் வைப்பதோடு ஒப்பிட, பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலிருந்து 2018இல் ஒரு சோதனை வெளிவந்தது. கையால் வைத்தவற்றில் சாய்வு ஏறத்தாழ 7 டிகிரி, முழுக்கக் கைடு வழியே வைத்தவற்றில் 2.3 டிகிரி. நுனி விலகல் 2.1 மி.மீ.க்கு எதிராக 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பாங்காக்கின் சுலலாங்கார்ன் பல்கலைக்கழகத்தார் ஒற்றைப் பல் மட்டும் போனவர்களிடம் செய்து 2019இல் வெளியிட்டதும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: கையில் ஏறத்தாழ 7 டிகிரி, கைடில் ஏறத்தாழ 3.

ஆக, சராசரியில் கணினி வென்றது. அதில் சந்தேகமே இல்லை. பாதிக்குப் பாதி விலகல் குறைகிறது. இதை மறுத்துப் பேசும் மூத்தவர்கள் சிலர் உண்டு. "முப்பது வருஷமா வைக்கிறேன், எனக்கெதுக்கு கைடு" என்பார்கள். அவர்கள் வைத்ததை யாரும் அளந்து பார்த்ததில்லை என்பதே அவர்களுடைய நம்பிக்கையின் அடிப்படை. அளந்தால் கையின் சாய்வு தெரிந்துவிடும். கெண்ட் சோதனையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. முதல் மெல்லிய ட்ரில்லுக்கு மட்டும் கைடு, மற்றதெல்லாம் கையால் என்ற இடைவழி பலருக்குப் பிடித்தமானது, செலவும் குறைவு. அதில் சாய்வு ஏறத்தாழ 6 டிகிரி வந்தது. கையால் வைப்பதற்கு ஒரு டிகிரிதான் கீழே. முதல் துளை சரியாக இருந்தாலும் அடுத்தடுத்த பருமனான ட்ரில்கள் மென்மையான எலும்பு இருக்கும் பக்கமாக ஒதுங்கிக்கொள்கின்றன. எலும்பு சொல்வதைத்தான் ட்ரில் கேட்கும். பாதிக் கைடு பாதித் துல்லியம் தரும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சராசரியைப் பற்றி இவ்வளவு போதும். நான் உங்களிடம் சொல்ல வந்தது சராசரியைப் பற்றி அல்ல.

அதே தஹ்மசெப் 2014இல் வெளியிட்ட முந்தைய தொகுப்பில் நுனி விலகலின் சராசரி 1.39 மி.மீ. உச்சம் எவ்வளவு தெரியுமா? 7.1 மி.மீ. துளை தொடங்கும் இடத்தில் சராசரி 1.12, உச்சம் 4.5. ஏழு மில்லிமீட்டர் என்றால் திருகின் பருமனைவிட அதிகம், பக்கத்துப் பல்லின் வேரையே தாண்டிவிடும் தூரம். கணினி திட்டமிட்டு, கைடு அச்சாகி, வளையத்தின் வழியே ட்ரில் இறங்கியும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. நாற்காலியில் படுத்திருப்பவருக்குச் சராசரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருடைய நரம்பைத் தீர்மானிப்பது அந்த ஒரு ட்ரில்லின் விலகல்தான். அதனால்தான் அவர்களுடைய 2018 தொகுப்பின் முடிவுரையில் ஒரு வாசகம் இருக்கிறது: குறைந்தது 2 மி.மீ. பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும். நரம்புக்கு மேலே 2 மி.மீ. விடு என்று கைவேலைக் காலத்தில் ஆசிரியர்கள் சொன்னார்களே, அதே 2 மி.மீ. கணினி வந்ததால் அது குறைந்துவிடவில்லை. கைடு இருக்கிறதே என்ற தைரியத்தில் 10 மி.மீ. திருகு போதுமான இடத்தில் 12 மி.மீ. போட்டுத் திட்டமிடுவதை நான் திரைகளில் பார்க்கிறேன். கைடு தந்த பாதுகாப்பை அப்படியே எடுத்துச் செலவு செய்துவிடுகிறார்கள்.

பிசகு எங்கே நுழைகிறது? ஒரு இடத்தில் இல்லை, வழிநெடுக. ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி எச்சில் விழுங்கினால் படம் கலங்கும். வாயில் உலோகக் கேப்புகள் நிறைய இருந்தால் ஸ்கேனில் நட்சத்திரம்போல் கோடுகள் சிதறி, பற்களின் விளிம்பு மறைந்துபோகும். இரண்டு கோப்புகளைப் பொருத்தும்போது அங்கேயே அரை மில்லிமீட்டர் போய்விடலாம். ரெசின் அச்சாகிக் காயும்போது சற்றுச் சுருங்கும். ட்ரில் சுழல வேண்டுமானால் வளையத்துக்கும் அதற்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளிதான் சாய்வு. வளையம் எலும்புக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் சாய்வு நுனியில் பெரிதாகும். இவை ஒன்றையொன்று ரத்து செய்துகொண்டால் நல்ல காலம். ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால்தான் அந்த 7 மி.மீ. மாதிரி எண்கள் பிறக்கின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய வாசல், கைடு உட்காரும் விதம். பற்களின் மேல் உட்காரும் கைடு நம்பகமானது. பற்களே இல்லாத வாயில் கைடு ஈறின் மேல் உட்கார வேண்டும். ஈறு அழுந்தும், மரப்பு ஊசி போட்டதும் உப்பும். அதைப் பக்கவாட்டில் ஊசிமுளைகள் அடித்து எலும்போடு நிறுத்த வேண்டியிருக்கிறது. முழுப்பல்லும் போனவரிடத்தில் விலகல் கூடுதலாக வருவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஒரே ஒரு பல் போய், இருபுறமும் நல்ல பற்கள் இருந்தால் கைடு மிக அழகாக உட்காரும். வேடிக்கை என்னவென்றால், அனுபவம் உள்ளவருக்குக் கைடு அவ்வளவாகத் தேவைப்படாத இடமும் பெரும்பாலும் அதுதான்.

வாய் திறப்பு ஒரு தனிக்கதை. வளையத்தின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால் கைடுக்கான ட்ரில்கள் நீளமானவை. கடைசிக் கடைவாய்ப் பல் இடத்தில், மேல் பற்களுக்கும் வளையத்துக்கும் நடுவே அந்த நீள ட்ரில்லை நுழைக்க இடம் வேண்டும். பலருக்கு வாய் அவ்வளவு திறக்காது. அப்போது மருத்துவர் ட்ரில்லைச் சாய்த்து நுழைக்கிறார், வளையத்தை ஒரு பக்கமாக அழுத்துகிறார், கைடு மறுபக்கம் தூக்கிக்கொள்கிறது. திரையில் எல்லாம் சரியாக இருக்கும், வாயில் இருக்காது. நான் இளையவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லி, ட்ரில்லோடு கைப்பிடியை உள்ளே வைத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் கைடுக்குப் பணம் கட்டிவிட்டு, அறுவைச் சிகிச்சை நேரத்தில் கைடைத் தூக்கி ஓரமாக வைப்பது எங்கும் நடக்கிறது.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் என்ற ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் முயல் எலும்பில் செய்து 1983இல் வெளியிட்ட சோதனையில், 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புக்குச் சேதம் என்று கண்டார்கள். கையால் துளைக்கும்போது உப்புநீர் நேராக ட்ரில்லின் மேல் விழும். கைடு வைத்தால் வளையம் துளையை மூடிக்கொள்கிறது, நீர் போக வழி குறைகிறது. விட்டு விட்டு, மேலே எடுத்து எடுத்து, துளைக்க வேண்டும். வளையம்தான் பார்த்துக்கொள்கிறதே என்று ஒரே மூச்சில் இறக்குகிறவர் இடத்தைச் சரியாகப் பிடித்து எலும்பைச் சுட்டுவிடுவார்.

ஈறைத் திறக்காமல் வைப்பது கைடின் பெரிய கவர்ச்சி. தையல் இல்லை, வீக்கம் குறைவு, மறுநாளே வேலைக்குப் போகலாம். எலும்பு தாராளமாக இருப்பவருக்கு இது உண்மையிலேயே வரம். எலும்பு மெலிந்தவருக்கு வரம் இல்லை. ஈறு மூடியிருக்கும்போது வெளிச்சுவரில் விரிசல் விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. மெலிந்த எலும்பு என்றால் கைடும் வைத்துக்கொள்ளுங்கள், ஈறையும் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

இந்த எண்களைப் படிக்கும்போது அவை எதை அளக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. போட்ட திட்டத்துக்கும் வந்த முடிவுக்கும் உள்ள தூரத்தைத்தான் அளக்கிறார்கள். திட்டம் நல்லதா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. நரம்புக் குழாயைத் தப்பாக அடையாளம் கண்டு திட்டமிட்டால், கைடு அந்தத் தப்பை மிகத் துல்லியமாக நிறைவேற்றிவிடும். கையால் வைப்பவருக்கு, முளையைச் செருகி எக்ஸ்ரே பார்த்துத் திருத்திக்கொள்வதற்கு ஒரு வாய்ப்பாவது இருந்தது. இன்று பல இடங்களில் திட்டம் போடுவது வேறு ஊரில் இருக்கும் ஆய்வகத்தில், நோயாளியைப் பார்த்தே இராத ஒரு தொழில்நுட்பர். மருத்துவருக்கு மின்னஞ்சலில் படம் வரும், "சரி" என்று பதில் போய்விடும். எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். ட்ரில் பிடிக்கிறவர்தான் திட்டத்தையும் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுக்கடுக்காக வெட்டுமுகம் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்த்தாவது ஒப்புக்கொள்ள வேண்டும். கைடு வைத்துச் செய்யும்போதும் முதல் ட்ரில்லுக்குப் பிறகு முளை, எக்ஸ்ரே என்ற பழைய வழக்கத்தை நான் விடவில்லை. மாணவர்களையும் விடச் சொல்லவில்லை.

கைடு இல்லாமல் கணினி உதவும் இன்னொரு முறை நேவிகேஷன். ட்ரில்லையும் தாடையையும் கேமரா கண்காணிக்கிறது. எலும்புக்குள் ட்ரில் போகும் இடம் திரையில் ஓடுகிறது. நடுவழியில் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம், வாய் திறப்புத் தொல்லை குறைவு, நீரும் தடையின்றி விழும். சுலலாங்கார்ன் குழுவினர் இதையும் கைடையும் 60 பேரிடம் ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். நுனி விலகல் இரண்டிலும் 1.3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, சாய்வு இரண்டிலும் 3 டிகிரி அளவு. வாயைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு துளைக்கப் பழக வேண்டும், விலையும் அதிகம்.

ரோபோவைக் கேட்காமல் விடமாட்டீர்கள். மயாமியின் நியோசிஸ் நிறுவனத்தின் யோமி ரோபோவுக்கு அமெரிக்க எஃப்டிஏ அனுமதி 2016 இறுதியில் கிடைத்தது. அது மருத்துவரின் கையைத் திட்டத்தை விட்டு விலகவிடாமல் பிடித்துக்கொள்ளும் கருவி. 2017இல் சீனாவின் சியான் நகரில் ஒரு பெண்மணிக்கு ரோபோ தானாகவே இரண்டு இம்ப்ளாண்ட் வைத்தது என்றும் விலகல் 0.2 முதல் 0.3 மி.மீ. என்றும் செய்தி வந்தது. அதன்பிறகு வந்த ஆய்வுகளிலும் ரோபோவின் சராசரி 1 மி.மீ.க்குக் கீழேதான். நல்ல முன்னேற்றம். ஆனாலும் அதுவும் திட்டத்துக்கு அடிமைதான். அதன் உச்ச விலகல் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் நான் 2 மி.மீ.யில் கை வைப்பேன்.

கையா, கைடா என்று என் வாயிலிருந்து ஒரு பதிலை வாங்காமல் விடமாட்டீர்கள் போலிருக்கிறது. நரம்புக்கு அருகே, அடுத்தடுத்துப் பல திருகுகள், முன்பல், அன்றைக்கே கேப் மாட்ட வேண்டும் என்ற நிலை, பயிற்சியில் இருக்கும் இளையவர் கை: இங்கெல்லாம் முழுக் கைடு. தாராளமான எலும்பும் இருபுறமும் பற்களும் உள்ள ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்குப் பழகிய கை போதும், கைடின் செலவை நோயாளி தலையில் கட்ட வேண்டியதில்லை. வாய் திறக்காதவருக்குக் கைடைக் கட்டாயப்படுத்தவே கூடாது. ஸ்கேன் மட்டும் கையால் வைப்பவருக்கும் வேண்டும்.

கடைசியாக, இந்தத் துறையின் முதுகலை மாணவர்களுக்கு ஒரு வேலை. நம் மருத்துவமனையில் வைக்கும் இம்ப்ளாண்ட்டுகள் எவ்வளவு விலகுகின்றன? பெல்ஜியத்தின் கணக்கும் தாய்லாந்தின் கணக்கும் சொன்னேன். நம் கணக்கு இல்லை. விலகலை அளக்க வைத்த பிறகு மறுபடி சிபிசிடி எடுக்க வேண்டும், அளவெடுப்பதற்காக மட்டும் ஒருவருக்குக் கதிர்வீச்சு கொடுப்பது சரியில்லை என்பார்கள். சரியான தயக்கம். ஆனால் கேப் செய்வதற்காக எப்படியும் திருகின் மேல் ஸ்கேன் பாடி என்ற முளையைப் பொருத்தி, வாய்க்குள் கேமராவால் படம் எடுக்கிறோமே, அதில் திருகின் இடமும் சாய்வும் முழுக்க அடங்கியிருக்கின்றன. அந்தக் கோப்பைத் திட்டக் கோப்பின் மேல் பற்களை வைத்துப் பொருத்தினால் தொடக்கம், நுனி, சாய்வு மூன்றும் எண்ணாக வந்துவிடும். ஒரு கதிர்கூடக் கூடுதலாக இல்லை. கையால் வைத்தவற்றுக்கும் இதைச் செய்யலாம், முன்கூட்டியே திரையில் திட்டம் போட்டுச் சேமித்து வைத்திருந்தால் போதும்.

துறையில் ஒரு பதிவேடு போடுங்கள். எந்தப் பல், கையா கைடா, வைத்தவர் மாணவரா ஆசிரியரா, மூன்று எண்கள். ஆசிரியர்களின் எண்களும் அதில் வரட்டும், என்னுடையதும் சேர்த்து. கைடை நடுவில் எடுத்து வைத்துவிட்டுக் கையால் முடித்தவை இருக்குமே, அவற்றைத் தனிப் பத்தியில் காரணத்தோடு எழுதுங்கள்: உட்காரவில்லை, வாய் திறக்கவில்லை, வளையம் பெயர்ந்தது என்று. ஆண்டு முடிவில் அட்டவணையைத் துறைக் கூட்டத்தில் வைக்கும்போது, சராசரிக்குப் பக்கத்திலேயே உச்சத்தையும் அச்சிடுங்கள்.